டியூன்-அப் கட்டணம்: கராஜுக்குக் கொடுப்பதா, நாமே செய்துகொள்வதா?

ஹட்டன்_ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2008ஆம் ஆண்டின் டொயோட்டா ஆக்ஸியோ கார் ஒன்று இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, இருப்பதைப் பழுதில்லாமல் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தேன். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கான தடை நீங்கிவிட்டாலும், இன்றைய விலையில் புதிய வாகனம் ஓர் ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாத காரியமாகவே இருக்கிறது. ஆகவே இந்தக் கார்தான் இன்னும் பல வருடங்களுக்கு எங்கள் குடும்பத்துக்கு உழைக்க வேண்டும்.

வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் காலம் நெருங்கியதால், அதற்கு வேண்டிய புகைப் பரிசோதனைக்கு முன்னர் ஒரு டியூன்-அப், அதாவது என்ஜினைச் சீராக்கும் வேலை, செய்துவிடலாம் என்று எண்ணி, கடந்த வாரம் வெளியூரிலுள்ள ஒரு பெரிய கராஜில் காரைக் கொடுத்தேன். மாலையில் எடுக்கச் சென்றபோது கையில் தரப்பட்ட பற்றுச்சீட்டில் 46,800 ரூபாய் என்றிருந்தது. என்ஜினுக்குள் பொறி தரும் நான்கு இரிடியம் பிளக்குகளுக்கு 15,600, எயர் பில்டருக்கு 3,200, ஒயிலுக்கும் ஒயில் பில்டருக்குமாக 15,500, காற்று உள்ளே போகும் வழியான த்ரொட்டில் பொடியைச் சுத்தம் செய்ய 3,500, ஸ்கேன் பண்ண 2,500, கடைசியில் ‘டியூனிங்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு 6,500.

பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் கினிகத்தேனையிலிருந்து வட்டவளைப் பக்கம் ஏறி வரும்போது கார் திக்கித் திக்கி இழுத்தது. வீட்டுக்கு வந்து பொனட்டைத் திறந்து, எனக்குக் கழற்றத் தெரிந்த ஒரே பெட்டியான எயர் பில்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே இருந்தது பழைய பில்டர். அதன் மடிப்புகளில் காய்ந்த இலையும் எலி கொண்டு வந்து வைத்த பஞ்சும் கிடந்தன. அந்தப் பெட்டியை அவர்கள் திறக்கவே இல்லை.

எனக்கு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த 6,500 ரூபாய்க்கு உண்மையில் என்ன செய்திருப்பார்கள்? என்னைப் போன்ற, ஸ்பானர் பிடித்துப் பழக்கமில்லாத ஒருவர் இந்த வேலைகளில் எவற்றைத் தாமே செய்துகொள்ள முடியும்? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய_பிட்டர்

தம்பி, நான் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்து நான்கு வருடங்கள் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டில் இன்றைக்கும் ஒரு மொரிஸ் மைனர் ஓடுகிறது. உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அந்த மொரிஸ் மைனருக்குள்தான் இருக்கிறது.

டியூன்-அப் என்ற சொல் அந்தக் காலத்து என்ஜின்களுக்கு உண்டானது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே திறந்து மூடும் பொயின்ட் என்ற தொடுமுனைகளின் இடைவெளியை பீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டினால் 15 தௌவுக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்குக்கு வைக்க வேண்டும். பொயின்ட் கருகியிருந்தால் உரசித் துடைக்க வேண்டும், கண்டென்சரைச் சோதிக்க வேண்டும். பிளக் இடைவெளி 25 தௌ, குளிர்ந்த என்ஜினில் வால்வுகளின் டெப்பட் இடைவெளி 12 தௌ. பிறகு பொறி விழும் நேரமான டைமிங்கைச் சரிபார்த்து, கடைசியாக எஸ்.யூ. கார்பரேட்டரின் அடியிலுள்ள ஜெட் நட்டைத் திருப்பி, என்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு, பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைச் சீராக்க வேண்டும். பொயின்ட் தேயத் தேய இடைவெளியும் டைமிங்கும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், சில ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை இவ்வளவையும் திரும்பச் செய்யாவிட்டால் வண்டி ஏற்றம் ஏறாது. ஒரு முழுக் காலைப் பொழுதை எடுக்கும் கை வேலை அது. கூலி கேட்பதில் நியாயம் இருந்தது.

உங்கள் ஆக்ஸியோவில் பொயின்ட் இல்லை, கண்டென்சர் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் பொறிக்கான மின்சாரத்தைத் தரும் தனித்தனிக் கொயில் உட்கார்ந்திருக்கிறது. எந்த நொடியில் பொறி விழ வேண்டும் என்பதையும் எவ்வளவு பெற்றோல் பாய வேண்டும் என்பதையும் கம்பியூட்டர் தீர்மானிக்கிறது. திருப்புவதற்கு நட்டும் இல்லை, திருகுவதற்கு ஸ்குரூவும் இல்லை. அப்படியிருக்கும்போது ‘டியூனிங்’ என்று ஒரு வரியை எழுதி 6,500 ரூபாய் வாங்கினால், எதை டியூன் செய்தீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பிளக் மாற்றிய கூலி, ஒயில் இறக்கிய கூலி என்று எழுதியிருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். மறைந்துபோன வேலையின் பெயரை வைத்துக் கட்டணம் வாங்குவதுதான் என் மனதுக்கு ஒப்பவில்லை.

பேராதனை_மாணவன்

ஐயா சொன்னதோடு, மலையகத்துக்கென்றே உரிய ஒரு காரணத்தையும் சேர்க்க விரும்புகிறேன். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வளியமுக்கம் கரையோரத்தில் உள்ளதில் ஏறத்தாழ 80 சதவீதம்தான். அதாவது ஒவ்வொரு முறை பிஸ்டன் கீழிறங்கி காற்றை இழுக்கும்போதும், கொழும்பில் கிடைக்கும் ஒட்சிசனில் ஐந்தில் ஒரு பங்கு நமக்குக் குறைவாகவே கிடைக்கிறது. காற்றை அழுத்தித் திணிக்கும் டேர்போ இல்லாத எந்த என்ஜினும் அதே விகிதத்தில் பலம் இழக்கும். டியூன்-அப் எதனாலும் அதைத் திரும்பக் கொடுக்க முடியாது. “கொழும்பில் பறந்த வண்டி இங்கே இழுக்கவில்லை, டியூன் செய்யுங்கள்” என்று கராஜுக்குப் போகிறவர்கள் பலர். அந்த இழப்பில் பெரும்பகுதி மலையினுடையது.

கார்பரேட்டர் என்ஜினில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. காற்று மெலிந்தாலும் ஜெட் விடும் பெற்றோல் அதற்கு ஏற்றபடி குறைவதில்லை. ஆகவே கரையோரத்தில் டியூன் செய்த வாகனம் நுவரெலியாவில் மிதமிஞ்சிய பெற்றோலைக் குடித்து, பிளக்கைக் கரியாக்கி, கறுப்புப் புகை விடும். ஆசிரியரின் காரைப் போல, கம்பியூட்டர் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்ஷன் வாகனத்தில், உள்ளே வரும் காற்றை அளக்கும் சென்சரும் புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சரும் இந்தத் திருத்தத்தை நொடிக்கு நொடி தாமே செய்துகொள்கின்றன.

பழைய_பிட்டர்

மாணவர் சொன்னது முழுக்க உண்மை. நான் கொழும்புக்கு மொரிஸை இறக்குவதற்கு முன்னர் ஜெட் நட்டைச் சிறிது திருப்பி பெற்றோலைக் கூட்டி வைப்பேன். ஒரு தடவை மறந்துவிட்டு இறங்கினேன். மலையில் சரியாக இருந்த அளவு கீழே போதாமல் போய், அவிசாவளை வருவதற்குள் என்ஜின் சூடேறி உள்ளே இடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. வீதியோரத்தில் நிறுத்தி, ஆறவிட்டு, நட்டைத் திருப்பிய பிறகுதான் பயணம் தொடர்ந்தது. அந்த நாட்களில் மலை நாட்டு டியூன் என்பதும் கீழ் நாட்டு டியூன் என்பதும் உண்மையிலேயே வெவ்வேறு வேலைகள்.

நுவரெலியா_கராஜ்

நான் கராஜ் வைத்திருப்பவன். முதலில் ஆசிரியர் அவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாற்றாத எயர் பில்டருக்குப் பணம் வாங்கியது களவு. அதற்கு வேறு பெயர் கிடையாது. பற்றுச்சீட்டையும் பழைய பில்டரையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள்.

ஆனால் கட்டணம் முழுவதையும் கொள்ளை என்று எண்ணிவிட வேண்டாம். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயையும் தாண்டியபோது, இறக்குமதியாகும் ஒவ்வொரு பிளக்கும் பில்டரும் அதே அளவில் ஏறின. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதமானது. என்னிடம் வேலை பழகிய இரண்டு பையன்கள் வெளிநாடு போய்விட்டார்கள், மூன்றாமவனைத் தக்கவைக்க நான் கூலியைக் கூட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஸ்கேனர் வாங்கியதோடு செலவு முடிவதில்லை, புதிய மொடல்களுக்காக அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கராஜ்காரர் உங்கள் பற்றுச்சீட்டில் தனியாக எழுத முடியாத செலவுகள் இவை.

நாமே செய்துகொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்ற வருடம் ஒருவர் தாமே பிளக் மாற்றிவிட்டு என்னிடம் வந்தார். பிளக்கைக் கையால் திருகாமல் நேரடியாக ஸ்பானரைப் போட்டு இறுக்கியதில் மரை சாய்ந்து ஏறி, என்ஜினின் அலுமினியத் தலையின் மரை முழுவதும் சிதைந்திருந்தது. தலையைக் கழற்றி, புதிய மரைச் சுருள் வைத்து, கசிவைத் தடுக்கும் பெக்கிங்கை மாற்றி முடிக்கும்போது, அவர் மிச்சப்படுத்திய கூலியைப் போலப் பல மடங்கு செலவாகியிருந்தது. அவர் போட்ட பிளக்குகளும் போலி. பெட்டியில் நல்ல ஜப்பான் கம்பனியின் பெயர் இருந்தது, ஆனால் வெள்ளைப் பீங்கானில் எழுத்து நகத்தால் சுரண்டினாலே உரிந்து வந்தது, நடு முனை நேராகவும் இல்லை. மலிவாகக் கிடைக்கிறது என்று முகம் தெரியாதவரிடம் இணையத்தில் வாங்காமல், பெயரைக் காப்பாற்ற வேண்டிய ஒரு கடையில் பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எல்லாம் கிடைக்கும் என்று சொல்வார்கள், உண்மைதான். எதை வாங்குகிறோம் என்று தெரிந்தவருக்கு மட்டும்.

ஹாலிஎல_தாதி

நான் பதுளைப் பக்கத்தில் தாதியாக வேலை செய்கிறேன். இரவுக் கடமை முடிந்து வரும் நாட்களில் வாகனத்தை நம்பித்தான் ஆக வேண்டும். என்னிடம் இருப்பது 796 சிசி, மூன்று சிலிண்டர் ஆல்டோ. 2022இல் பெற்றோல் வரிசையில் பல மணி நேரம் நின்ற காலத்தில், 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனபோது, கராஜுக்குக் கொடுக்க என்னிடம் பணம் இருக்கவில்லை. அப்போதுதான் கையேட்டை எடுத்துவைத்துக்கொண்டு கற்கத் தொடங்கினேன். இன்று பிளக், எயர் பில்டர், கெபின் பில்டர், பற்றரி முனைகளைத் துடைப்பது ஆகிய அனைத்தையும் நானே செய்கிறேன். இவற்றுக்கு ஒரு மணி நேரம் போதும்.

கராஜ்காரர் ஐயா மரை சிதைவதைச் சொன்னார். சமவெளியில் இருப்பவர்கள் யோசிக்காத இன்னொரு சிரமத்தை நான் சொல்கிறேன். நம்மில் எத்தனை பேருக்குச் சமமான முற்றம் இருக்கிறது? எங்கள் வீட்டுக்கு வரும் பாதையே சரிவு, முற்றமும் சரிவு. முதல் தடவை நான் ஒயில் மாற்றியபோது அந்தச் சரிவிலேயே, ஒயில் அளவைக் காட்டும் டிப் ஸ்டிக்கைப் பார்த்தேன். என்ஜினின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்ததால் அளவு குறைவாகக் காட்டியது, நான் இன்னும் அரை லீற்றருக்கு மேல் ஊற்றிவிட்டேன். அடுத்த நாள் வைத்தியசாலையின் சமமான தரிப்பிடத்தில் பார்த்தபோது ஒயில் மேல் கோட்டைத் தாண்டி நின்றது. அளவுக்கு மிஞ்சிய ஒயில், என்ஜினின் அடியில் சுழலும் கிராங்கில் அடிபட்டு நுரைத்தால் பம்ப் காற்றை இழுக்கும், ஒயில் சீல்களும் பழுதாகும். நல்ல வேளையாக உடனே கண்டுபிடித்து இறக்கிவிட்டேன்.

ஜக் விடயம் இதைவிட ஆபத்தானது. சரிவில் ஜக் போட்டு வாகனத்தை உயர்த்தவே கூடாது. விபத்துப் பிரிவில் வேலை செய்தவள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஒயில் இறக்குவதற்காக வாகனத்துக்கு அடியில் போக வேண்டுமென்றால், சமமான கொங்கிரீட் தரை, இரண்டு ஸ்டாண்ட், சில்லுகளுக்குக் கட்டை ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டால் செர்விஸ் நிலையத்துக்குப் போய்விடுங்கள். நான் இப்போது ஒயிலையும் பில்டரையும் வாங்கிக்கொண்டு போய், அங்குள்ள குழியில் கூலி மட்டும் கொடுத்து மாற்றிக்கொள்கிறேன். பாதிச் செலவு மிச்சம், பழைய ஒயிலை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள்.

பழைய ஒயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அதைக் கானில், அதாவது வடிகாலில், ஊற்றாதீர்கள். தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளுக்கு நீர் வரும் ஊற்றுகளும் ஓடைகளும் நம் வீடுகளுக்குக் கீழேதான் இருக்கின்றன. மஸ்கெலியாப் பக்கத்துக் கான்கள் மஸ்கெலி ஓயாவுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. அதுவும் கெசல்கமு ஓயாவும் கூடித்தான் களனி கங்கை ஆகிறது.

ஊவா_வேன்

பண்டாரவளையில் வாடகை வேன் ஓட்டுகிறேன். என்னுடையது டீசல் வேன் என்பதால் இந்த விவாதத்தின் பாதி எனக்குப் பொருந்தாது. டீசல் பில்டர் மாற்றுவது, அதன் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவது, எயர் எடுப்பது, ஹீட்டர் பிளக் பார்ப்பது ஆகியவற்றோடு நம் கை வேலை முடிந்துவிடும். பம்ப்பும் நொசிலும் சோதனை மேசையில் வைத்து அளவு பார்க்க வேண்டியவை. வீட்டில் அவற்றைத் தொட்டால் நட்டம்.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே அனைவரும் வாகனத்தை ஓட வைப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். மலையில் என் அனுபவத்தில் உயிர் எடுப்பது நிற்காத வாகனம். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கி, அங்கிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்குப் போகும் பாதையை நீங்கள் அறிவீர்கள். ஐந்து வருடங்களுக்கு முன்னர் பயணிகளோடு அந்தப் பாதையில் இறங்கும்போது, பிரேக் பெடல் மெல்ல மெல்லத் தரை வரை போனது. லைனிங் நன்றாகத்தான் இருந்தது. பிரேக் ஒயில் கொதித்துவிட்டது. இரண்டாம் கியருக்கு இறக்கி, மலைப்பக்கக் கானோடு உரச விட்டு நிறுத்தினேன். ஒருவருக்கும் காயமில்லை.

பிறகு ஏன் கொதித்தது என்று விசாரித்து அறிந்தேன். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டொட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது என்பது தரம். ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். டொட் 4 வகைக்கு இந்த அளவுகள் 230, 155. நமது மலையில் வருடத்தில் பாதி நாட்கள் மூடுபனியும் மழையும்தான். வேனை வாங்கிய நாளிலிருந்து அதுவரை அந்த ஒயிலை நான் மாற்றவே இல்லை, குறைந்தபோது மேலே ஊற்றி வந்தேன். அந்த வருடங்களில் என்ஜினுக்காக எத்தனை தடவை செலவழித்தேன் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஆசிரியர் அவர்களே, பிளக்கையும் பில்டரையும் நீங்களே மாற்றி மிச்சம் பிடியுங்கள். மிச்சம் பிடித்த பணத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நல்ல மெக்கானிக்கிடம் பிரேக் ஒயிலை முழுமையாக மாற்றுங்கள். அதை நீங்களே செய்ய வேண்டாம். உள்ளே ஒரு குமிழி காற்று தங்கினாலும் சமதரையில் தெரியாது, இறக்கத்தில்தான் தெரியும்.

நுவரெலியா_கராஜ்

வேன்காரர் எழுதியதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அதோடு, என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் மூடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுவரெலியா உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். மூடி கொடுக்கும் அழுத்தம்தான் அந்த எல்லையை உயர்த்தி வைக்கிறது. மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால், ஏற்றத்தில் சூடேறிய என்ஜின் கொதிக்க அதிக நேரம் எடுக்காது. மூடியின் விலை ஒரு பிளக்கின் விலைக்கும் குறைவு. வெறும் ஊற்றுத் தண்ணீரை ஊற்றி ஓட்டுபவர்கள் பலர் இருக்கிறார்கள். உள்ளே துருப்பிடித்து ரேடியேட்டர் அடைபட்ட பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். இதை டியூன்-அப் பட்டியலில் எவரும் எழுதுவதில்லை.

ஹட்டன்_ஆசிரியர்

அனைவருக்கும் மிக்க நன்றி. பற்றுச்சீட்டோடும் பழைய பில்டரோடும் அந்தக் கராஜுக்குச் சென்றேன். பையன் மறந்துவிட்டான் என்று சொல்லி 3,200 ரூபாயைத் திருப்பித் தந்தார்கள். ‘டியூனிங்’ என்பது என்ன என்று கேட்டேன். “எல்லாம் சேர்த்துத்தான்” என்பதற்கு மேல் பதில் கிடைக்கவில்லை. ஏற்றத்தில் கார் திக்குவதைச் சொன்னபோது, பெற்றோல் பம்ப் மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள். இன்னொரு பெரிய தொகை என்பதால் நான் சம்மதிக்காமல் வந்துவிட்டேன்.

புதிய எயர் பில்டரை நானே போட்டேன், ஆனாலும் கார் திக்குவது நிற்கவில்லை. பிளக்குகளைக் கழற்றிப் பார்க்கும் துணிவு இப்போது வந்திருக்கிறது. பழைய பிட்டர் ஐயா, படிப்படியாகச் சொல்வீர்களா?

பழைய_பிட்டர்

சொல்கிறேன் தம்பி. எயர் பில்டர் மாற்றியும் குணம் தெரியாததில் வியப்பில்லை. கார்பரேட்டர் வண்டியில் அடைபட்ட பில்டர் பெற்றோலைக் கூட்டிவிடும். இன்ஜெக்ஷன் வண்டியில் கம்பியூட்டர் காற்றை அளந்தே பெற்றோல் விடுவதால், பில்டர் மோசமாக அடைபட்டால் இழுவைதான் குறையும், இப்படித் திக்காது. சமதரையில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் பாரம் விழும்போது மட்டும் திக்கினால், நான் முதலில் பொறியைத்தான் சந்தேகிப்பேன். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி பாய்வதற்குக் கூடிய மின்னழுத்தம் வேண்டும். எங்கேயாவது கசிவு இருந்தால் அந்த நேரத்தில்தான் மின்சாரம் பக்கவாட்டில் தப்பிவிடும்.

என்ஜின் முழுமையாக ஆறிய பிறகு, காலையில் செய்யுங்கள். சூடான அலுமினியத்தில் பிளக்கைக் கழற்றினால் மரை சேதமாகும். மேலேயுள்ள பிளாஸ்டிக் மூடியை எடுத்தால் நான்கு கொயில்களும் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றையும் பத்தாம் நம்பர் நட் ஒன்றுதான் பிடித்திருக்கும். வயர் கிளிப்பை இழுக்காமல் அதன் நாக்கை அழுத்தி விடுவியுங்கள். பல வருடத்துப் பிளாஸ்டிக் அது, அவசரப்பட்டால் உடையும். கொயிலைச் சற்றே முறுக்கி நேராக மேலே தூக்குங்கள். கழற்றிய கொயில்களைக் கழற்றிய வரிசையிலேயே வையுங்கள். பிளக் குழிக்குள் தூசி இருந்தால், பிளக்கைக் கழற்றுவதற்கு முன்னரே சைக்கிள் பம்பினால் ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும்.

பிளக்குக்கு 16 மில்லிமீற்றர் ஆழமான சொக்கெட் வேண்டும், உள்ளே ரப்பர் பிடியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். திரும்பப் போடும்போது, கராஜ்காரர் சொன்ன அந்த விபத்து நேராமலிருக்க ஒரு வழி இருக்கிறது. ஓர் அடி நீளமான ரப்பர் குழாய்த் துண்டைப் பிளக்கின் தலையில் செருகி, அந்தக் குழாயைக் கையால் திருப்பி இறக்குங்கள். மரை சாய்ந்தால் குழாய் வழுக்கும், பிளக் ஏறாது. முழுவதும் இறங்கிய பிறகுதான் ஸ்பானர். உங்கள் என்ஜினுக்கு இறுக்க வேண்டிய அளவு 18 நியூட்டன் மீற்றர். அந்த இறுக்கத்தை அளக்கும் டொர்க் ரென்ச் இல்லாவிட்டால் அதை ஒருவரிடம் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள்.

கழற்றிய பிளக்கின் முகத்தைப் பாருங்கள். மெல்லிய பழுப்பு நிறம் நலம். காய்ந்த கரி என்றால் பெற்றோல் அதிகம். ஈரமான கறுப்பு என்றால் ஒயில் எரிகிறது. வெளுத்துப்போயிருந்தால் சூடு அதிகம். கொயிலின் ரப்பர் உறையையும் பிளக் குழியின் அடியையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். நான் உண்மையில் எதிர்பார்ப்பது அங்கேதான்.

பேராதனை_மாணவன்

கைப்பேசியோடு இணையும் சிறிய ஸ்கேனர் கருவி ஒன்றை எவரிடமாவது வாங்கிப் பார்த்தால், எந்தச் சிலிண்டரில் பொறி தவறுகிறது என்று கம்பியூட்டர் பதிந்து வைத்திருப்பதைக் காணலாம். பீ0301 முதல் பீ0304 வரையான குறியீடுகளின் கடைசி இலக்கம் சிலிண்டரின் எண். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட பழைய வாகனங்கள் சிலவற்றோடு இந்தக் கருவி இணையாது என்பதால், வாங்குவதற்கு முன்னர் உங்கள் காரிலேயே சோதித்துப் பாருங்கள். குறியீடு கொயிலைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே சொல்கிறது.

நுவரெலியா_கராஜ்

இதை வாசிப்பவர்களில் பிரியஸ், அக்வா ஆகிய ஹைபிரிட் கார்களை வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளக்கும் எயர் பில்டரும் உங்களுக்கும் பொதுவானவை. பின் இருக்கைப் பக்கத்திலுள்ள பற்றரி விசிறியின் வலையில் தூசி அடையாமல் துடைத்து வைப்பதும் நீங்களே செய்யக்கூடியது, அவசியம் செய்ய வேண்டியது. ஆனால் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள். பிரியஸின் பற்றரி மட்டுமே 200 வோல்ட் அளவுடையது, அக்வாவினுடையது 144 வோல்ட். சாதாரண பன்னிரண்டு வோல்ட் பற்றரியைப் போல எண்ணிவிட வேண்டாம்.

ஹட்டன்_ஆசிரியர்

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தொடங்கி, பத்தரை மணிக்கு முடித்தேன். கொயில்களின் கிளிப்புகள் மட்டுமே முக்கால் மணி நேரம் எடுத்தன, ஆனால் ஒன்றும் உடையவில்லை.

நான்கு பிளக்குகளும் புதியவைதான், அந்த விடயத்தில் கராஜ் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது குழிக்குள் டோர்ச் அடித்தபோது, அடியில் ஒரு விரல் உயரத்துக்கு ஒயில் மினுங்கியது. மூன்றாவது கொயிலின் ரப்பர் உறை ஒயிலில் ஊறி ஊதிப்போய், அதன் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. என்ஜினின் மேல் மூடியான டெப்பட் கவரிலிருந்து அந்தக் குழிக்குள் ஒயில் கசிந்து வந்திருக்கிறது. புதிய பிளக்கை அந்த ஒயிலுக்குள்ளேயே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய பிட்டர் ஐயா, பார்க்காமலே நீங்கள் சொன்ன இடம் அது.

குழியைத் துணி சுற்றிய குச்சியால் துடைத்தேன். டெப்பட் கவர் பெக்கிங்கை மாற்றும் அளவுக்கு எனக்குத் துணிவில்லை. இங்கேயுள்ள ஒரு சிறிய கராஜுக்குப் போய், என்ன செய்ய வேண்டும் என்று நானே சொல்லி, பெக்கிங்கையும் பிளக் குழிகளின் ரப்பர் வளையங்களையும் மூன்றாவது கொயிலின் உறையையும் மாற்றிக்கொண்டேன். பொருட்களுக்கு 7,400, கூலி 3,000. பக்கத்தில் நின்று பார்க்க அனுமதித்தார். பெற்றோல் பம்பைப் பற்றிக் கேட்டதற்கு, “அது நல்லாத்தான் இருக்கு சேர்” என்றார். நேற்று வட்டவளை ஏற்றத்தில் கார் ஒரு தடவைகூடத் திக்கவில்லை. புகைப் பரிசோதனையிலும் முதல் தடவையிலேயே தேறிவிட்டது.

அடுத்ததாக, வேன்காரர் சொன்ன பிரேக் ஒயில். மூடியைத் திறந்து பார்த்தேன், தேநீரின் நிறத்தில் இருக்கிறது. இது மாற்ற வேண்டிய நிலைதானா?

ஊவா_வேன்

புதிய ஒயில் தெளிந்த இளமஞ்சளாக இருக்கும். தேநீர் நிறம் என்றால் மாற்றுங்கள், யோசிக்க வேண்டாம். அந்த மூடியை அடிக்கடி திறந்து பார்க்கவும் வேண்டாம், திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரம் உள்ளே போகும், குவளைக்கு வெளியேயே அளவுக் கோடுகள் தெரியும். பெக்கிங் மாற்றிய அதே மெக்கானிக்கிடமே கொடுங்கள். நான்கு சில்லுகளிலும் பழைய ஒயில் முழுவதும் வெளியேறி, புதியதின் நிறம் வரும் வரை இறக்கச் சொல்லுங்கள். முன்போலவே பக்கத்தில் நில்லுங்கள்.

ஹாலிஎல_தாதி

பெக்கிங் மாற்றிய பிறகு என்ஜின் ஒயில் அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் ஆசிரியர் அவர்களே. கசிந்த அளவு குறைந்திருக்கும். சமதரையில்.

ஹட்டன்_ஆசிரியர்

எங்கள் பாடசாலை மைதானத்தின் ஓரம் சமமாக இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அங்கே கொண்டுபோய்ப் பார்க்கிறேன். என்னோடு கற்பிக்கும் இரண்டு பேர், தங்கள் ஆல்டோவையும் வேகன் ஆரையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 16 மில்லிமீற்றர் சொக்கெட்டும் ரப்பர் குழாயும் என்னிடம் இருக்கின்றன. டொர்க் ரென்ச்சை மட்டும்தான் இன்னும் இரவல் வாங்க வேண்டும்.

பழைய_பிட்டர்

என்னுடையதைக் கொண்டுபோங்கள் தம்பி. வெள்ளிக்கிழமை மாலை தலவாக்கலைக்கு வந்தால் தருகிறேன். அந்த இரண்டு வாகனங்களுக்கும் உங்கள் 18 பொருந்தும் என்று எண்ணிவிடாமல், அவற்றின் கையேடுகளைப் பார்த்து அளவை எழுதிக்கொண்டு வாருங்கள்.